பதினேழு தாள்கள், ஆறு கையெழுத்துகள்

மிகவும் எளிமையான வேலை என்றுதான் சொன்னார்கள். மீள்குடியேறிய ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்குப் போய், அங்கே என்னென்ன கற்றல் வளங்கள் இருக்கின்றன, அவை எந்தத் தரத்தில் இருக்கின்றன என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனைத் தாள் கொடுத்து, திருத்தி, சராசரியைக் கணக்கிட வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரியில் தரவு பதியவும் அட்டவணை போடவும் படித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு, மன்னார் நகரத்துக் கந்தோர் ஒன்றில் கிடைத்த முதல் வேலை அது. எதையும் இலக்கமிட்டு எழுதி வைத்தால்தான் என் தலைக்குள் அது அடங்கும். இந்த நினைவையும் அப்படி எழுதத்தான் பார்த்தேன். மூன்றாம் இலக்கத்துக்கு மேல் வரிசை நிற்கவில்லை.

பெரியமடுவுக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன ஊர். சனங்கள் திரும்பி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீடுகளில் பாதி சுவர், பாதி தறப்பாள். பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அதற்குள்ளேயே. ஐந்தாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தொண்டர் ஆசிரியை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சண்டை தொடங்கி அந்த ஊர் இடம்பெயர்ந்தபோதும், பிறகு முகாமில் இருந்தபோதும் இதே பிள்ளைகளுக்கு அவர்தான் படிப்பித்தார்.

நான் போவதற்கு முன்பே அவருக்கு விசயம் தெரிந்திருந்தது. வகுப்பின் சராசரி நாற்பதுக்குக் குறைந்தால், அந்த ஐந்தாம் வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பதினொரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே தொண்டர் ஆசிரியைக்கு இடமில்லை. நாற்பதோ அதற்கு மேலோ வந்தால் வகுப்பும் அவரும் அங்கேயே இருப்பார்கள்.

"நாற்பது வேணும். அப்படித்தானே மிஸ்?" இதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வசனம். கதிரையைத் துடைத்து எனக்குத் தந்துவிட்டு, அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"ஓம் ரீச்சர். ஆனால் நான் மார்க் போடுறது மட்டுந்தான். முடிவெடுக்கிறது வேற ஆக்கள்."

"மார்க்கைப் போட்டால் முடிவு தானா வரும்தானே."

நான் படிவத்தை எடுத்தேன்.

வளங்கள் பகுதி எனக்குப் பிடித்த பகுதி. எண்ணலாம், தொடலாம், புள்ளி போடலாம். கரும்பலகை: ஒன்று, மேல் மூலையில் வெடிப்பு, புள்ளி இரண்டு. இருக்கை வாங்குகள்: போதுமானவை, புள்ளி மூன்று. அடுத்தது பாடநூல்கள். ரீச்சர் இரும்பு அலுமாரியைத் திறந்தார். பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் பதினெட்டுத் தொகுதி, அட்டை மடங்காமல், சிலவற்றில் தாள்கள் கூட ஒன்றோடொன்று ஒட்டியபடி. கயிறு போட்டுக் கட்டி, பொலித்தீன் பைக்குள் போட்டு, தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு வசதியாகக் கைபிடியும் முடிந்து வைத்திருந்தார். வெளியே புழக்கத்தில் இருந்தது பழைய ஆறு தொகுதிதான். வாங்குக்கு ஒன்று.

"இதுகளை ஏன் குடுக்கேல்லை?"

"குடுத்தால் பழுதாப் போயிடும்."

நூலின் நிலை என்ற கட்டத்தில் நான்கு போட்டேன். நான்குதான் அதிகபட்சம். நூலைப் பிள்ளைகள் பாவிக்கிறார்களா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அதை அழித்துவிட்டேன். படிவம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அறிவுறுத்தலில் ஐந்தாவது.

பிள்ளைகள் பதினேழு பேர், ஆறு வாங்குகள். ஐந்து வாங்குகளில் மூன்று மூன்று பேர். கடைசி வாங்கில் ஒரு பெடியனும் ஒரு பெட்டையும், இரண்டு ஓரங்களில். நடுவில் ஒருவர் இருக்கக்கூடிய இடம். நான் அந்த இடத்தில் என் பையை வைத்துவிட்டுத் தாள்களை எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது பை நிலத்தில் இருந்தது. மண் படாமல் ஒரு கடதாசி விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். மரியாதையான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மிஸ், நீங்கள் மன்னார் தீவோ?" முன் வாங்குப் பெட்டை கேட்டாள்.

"ஓம்."

"அங்க றோட்டெல்லாம் கழுதையாமே?"

"இருக்குது. பஸ் ஸ்ராண்டிலயும் நிக்கும்."

"அதுகளுக்கும் சோதனை வைக்கிறனீங்களோ?" இது பின்னாலிருந்து ஒரு பெடியன். வகுப்பே சிரித்தது. ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மார்க்கைச் சிரிப்பில் கொட்டிவிடுவான் என்று பயந்தவர்போல அவனைப் பார்த்தார்.

தாளில் இருபது கேள்விகள். பத்து, ஒரு சிறிய பந்தியை வாசித்துப் பதில் எழுதுவது. பத்து, கணக்கு. தாளைக் கொடுத்துவிட்டு நான் செய்தது ஒரு பிழை. நேரம் மிச்சமாகட்டும் என்று, அவர்கள் எழுதும்போது அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்து நூல்களை இன்னொருமுறை எண்ணினேன். முதுகுக்குப் பின்னால் மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. சந்தடியில்லாத வகுப்பு எங்கே இருக்கிறது? பொருட்படுத்தவில்லை.

மறுநாள் கந்தோரில் இருந்து திருத்தினேன். நல்ல மார்க். மிக நல்ல மார்க். சராசரி எழுபத்து நான்கு. தீவில் நான் சோதித்த பள்ளிக்கூடங்களில் கூட அப்படி வரவில்லை. வள மதிப்பீடும் உயர்வு, அடைவு மட்டமும் உயர்வு. அட்டவணைக்கு அழகான வரி. சந்தோசப்பட்டுக்கொண்டே தாள்களை அடுக்கியபோதுதான் கண்ணில் பட்டது. முதல் மூன்று தாள்களிலும் 'ழ'வின் வால் ஒரே மாதிரிச் சுருண்டிருந்தது. அடுத்த மூன்றிலும் ஒரே சாய்வு. மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். பதினேழு தாள்கள், ஆறு கையெழுத்துகள். ஒவ்வொரு மூன்று தாளிலும் பதில்களும் ஒன்று, பிழைகளும் ஒன்று. கடைசி வாங்கின் இரண்டு தாள்களில் மட்டும் வசனம் இல்லாத மூன்று கணக்குகள் சரி; வசனமாக வந்த கணக்குகளும் வாசிப்புக் கேள்விகள் பத்தும் வெறுமை. ஒரு எழுத்துக் கூட இல்லை.

நான் கோபக்காரி இல்லை. ஆனால் அன்று முகம் சூடாகிவிட்டது. ரீச்சர்தான் சொல்லிக் கொடுத்து எழுத வைத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு, சொல்லிக் கொடுத்திருந்தால் ஏன் அந்த இரண்டு பேரையும் விட்டார் என்று யோசித்தேன். பார்த்து எழுதுகிறவர்கள் தங்கள் கையால்தானே எழுதுவார்கள்? ஒரு பிள்ளை மற்ற இரண்டு பேருடைய தாளையும் ஏன் எழுத வேண்டும்? சாத்தியமான காரணங்கள் என்று நான்கு எழுதினேன். நான்கும் பொருந்தவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனேன். தாள்களை ரீச்சருக்கு முன்னால் மூன்று மூன்றாக வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

"ஓம், இது நடுவாங்குக்காரர். எழுத்து வடிவா இருக்கும்."

"ரீச்சர், மூண்டு பேற்ற தாளையும் ஒரு ஆள் எழுதியிருக்கு."

"அவன்தான் எழுதிற ஆள்."

எனக்கு விளங்கவில்லை. அவருக்கு, எனக்கு விளங்காதது விளங்கவில்லை.

"கொப்பியடிச்சதெண்டு எழுதப் போறீங்களோ?" அவருடைய குரல் சட்டென்று ஏறியது. "நீங்கள் தறப்பாளுக்குக் கீழ படிப்பிச்சுப் பாத்தனீங்களோ? மூண்டு பிள்ளைக்கு ஒரு கொப்பி, ஒரு பென்சில். அதுவும் பாதிப் பென்சில். நாங்கள் ஓடி ஓடித்தான் படிப்பிச்சனாங்கள். ஒரு இடத்தில ஒரு கிழமை இருந்தால் பெரிய விசயம்."

பிறகு நிதானமாகச் சொன்னார். கொப்பி ஒன்று என்பதால் மூன்று பேரை ஓர் அணியாக இருத்தினார். ஒருவர் வாசிக்க, ஒருவர் கணக்குப் பார்க்க, ஒருவர் எழுத. மாறி மாறிச் செய்யச் சொல்லித்தான் தொடங்கினாராம். ஆனால் செல் வந்து விழுந்தால் பாதியில் எழும்பி ஓட வேண்டும் என்றபோது, யார் எதைக் கெதியாகச் செய்வாரோ அவரையே பிள்ளைகள் அதற்கு விட்டுவிட்டார்கள். முகாமுக்கு வந்தபோதும் அப்படியே. ஊருக்குத் திரும்பி, ஆளுக்கொரு பையும் கொப்பியும் கிடைத்த பிறகும் அப்படியே. அவர் வாங்குக்கு ஒரு கொப்பியை வாங்கித் திருத்துவார். கொப்பியில் எல்லாம் சரியாக இருக்கும்.

"கடைசி வாங்கு?" என்று கேட்டேன்.

"அதில வாசிக்கிறது நடுவில இருந்த பிள்ளை. ரெண்டு பக்கமும் கேக்கவேணுமெண்டு வாசிக்கிற ஆள் எப்பவும் நடுவிலதான் இருக்கும்." கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அது சண்டையின்ர கடைசி மாசத்தில செத்துப்போச்சு. பங்கருக்குள்ள இருக்கேக்கை. இப்ப அந்த ரெண்டுக்கும் நான்தான் வாசிக்கிறனான்."

அலுமாரிக்குள் பதினெட்டுத் தொகுதி இருந்ததும், வகுப்பில் பதினேழு பேர் இருந்ததும் அப்போதுதான் எனக்குச் சேர்ந்து தெரிந்தன. வருகைப் படிவத்தில் வராத பிள்ளைக்கு மூன்று காரணங்கள் இருந்தன: சுகயீனம், பாடசாலை மாற்றம், வேறு. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அறிவுறுத்தலின்படி சோதனை தனித்தனியாக எழுதப்பட வேண்டும். வேறு ஒரு தாள் என்னிடம் இருந்தது. "திரும்ப வைக்க வேணும் ரீச்சர்," என்றேன்.

"வையுங்கோ. ஏன் பயம்? என்ர பிள்ளையளுக்குத் தெரியும்."

அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னார்.

பதினேழு பேரையும் பிரித்து இருத்தினோம். கொஞ்சப் பேர் மண்டபத்துக்குள், மிச்சம் பேர் வெளியே பாலை மரத்துக்குக் கீழே. இம்முறை நான் எதையும் எண்ணவில்லை. கை கட்டிக்கொண்டு பார்த்தேன்.

முன் வாங்குப் பெட்டை தாளைக் கையில் எடுத்ததும், மரத்துக்குக் கீழே எல்லாருக்கும் கேட்கும்படி உரத்து வாசிக்கத் தொடங்கினாள். நிறுத்தற்குறியில் நின்று, கேள்வியில் குரல் ஏற்றி, அவ்வளவு அழகான வாசிப்பு. மனதுக்குள் வாசிக்கச் சொன்னேன். நிறுத்தினாள். பதிலை எழுதும் இடத்துக்கு வந்ததும் பென்சிலைப் பிடித்தபடி இருந்தாள். எழுதிய நான்கு சொற்களில் இரண்டை என்னால் வாசிக்க முடியவில்லை. வடிவான எழுத்துக்காரன் திகதியை எழுதி, கேள்வி இலக்கங்களை ஒன்று முதல் இருபது வரை வரிசையாகப் போட்டு, கோடும் அடித்து, பதிலுக்காகக் காத்திருந்தான். கழுதைக்குச் சோதனை வைப்பீர்களா என்று கேட்ட பெடியன் கை உயர்த்தினான்.

"மிஸ், கணக்கை ஆர் வாசிக்கிறது?"

"நீதான் வாசிக்க வேணும்."

"நான் செய்யிற ஆள் மிஸ்."

"இண்டைக்கு வாசிச்சுச் செய்."

அவன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என்னைச் சோதிக்கிறானோ என்று கூட நினைத்தேன். பிறகு, வசனம் இல்லாமல் இலக்கங்கள் மட்டும் இருந்த கணக்குகளைத் தேடித் தேடிச் செய்தான். அவை மூன்றுதான். மூன்றும் சரி.

ரீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் போய் நின்றார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. வாசிக்கிற பெட்டைக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். ஒரு தடவை குனிந்து அவளுடைய கையைப் பிடித்து எழுத வைக்கப் போய், என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். முடிந்ததும் மண்டபத்துக்குள் போய் அலுமாரிக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"நான் பாத்துப் பாத்துச் சரி போட்டனான்," என்றார். "அஞ்சாறு கொப்பிக்குச் சரி போட்டிட்டு, பதினேழு பேருக்குத் தெரியுமெண்டு நினைச்சனான்."

தாள்களை அங்கேயே இருந்து திருத்தினேன். சராசரி முப்பத்தொன்று.

"முதல் போட்ட மார்க்கை அனுப்புங்கோ மிஸ்." அவர் எனக்கு முன்னால் இருந்த வாங்கில் வந்து இருந்தார். இருந்ததை அன்றுதான் பார்த்தேன். "அதுவும் அவையள் எழுதினதுதானே? நான் சொல்லிக் குடுக்கேல்லை. நீங்களும் அலுமாரிக்குப் பக்கத்தில நிண்டனீங்கள்."

"தனிய எழுதினால்தான் கணக்கு."

"ஆர் சொன்னது? வயல்ல ஆராவது தனிய விதைச்சு, தனிய வெட்டி, தனிய சூடடிக்கினமோ? அதுக்கு நீங்கள் குறைச்சுப் போடுவீங்களோ?"

அவர் சொன்னது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தாள்களை உறையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

கந்தோரில் என் பொறுப்பதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்.

"தங்கச்சி, சொன்னது விளங்குது. ஆனால் உந்தச் சராசரிப் பெட்டிக்குள்ள ஒரு இலக்கம்தான் போகும். வெள்ளிக்கிழமைக்குள்ள எதையாவது போடும்."

"ரெண்டையும் போட்டு ஒரு குறிப்பு எழுதட்டோ சேர்?"

"எழுதும். ஆர் வாசிக்கிறது?"

குறிப்பு எழுதினேன், ஒன்றரைப் பக்கம். வாசித்துப் பார்த்தால், பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்றும் இருந்தது, ஒன்றும் தெரியாது என்றும் இருந்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்துப் பார்த்தேன். நாற்பதுக்கு மேலேதான் வந்தது. அந்த எண்ணைப் பார்த்து ஒரு நிமிடம் நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் அது எதனுடைய அளவு? சேர்ந்து செய்வதன் பாதியும், தனியே செய்ய முடியாததன் பாதியும். அப்படி ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. அழித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ரீச்சர் யாருடைய கைத்தொலைபேசியிலிருந்தோ அழைத்தார். காற்று இரைந்தது.

"பிள்ளை, அனுப்பிட்டீரோ?" மிஸ் போய்ப் பிள்ளையாகியிருந்தேன்.

"இன்னும் இல்லை ரீச்சர்."

"அப்ப ரெண்டாவதைப் போடும்."

"ரெண்டாவதைப் போட்டால் வகுப்பை எடுத்திடுவினம். உங்களுக்கு…"

"எனக்குத் தெரியும். நான் நேற்றும் முந்தநாளும் தனித்தனியா இருத்திப் பாத்தனான். எனக்கு வருகுதில்லை. நடுவாங்குக்காரனை வாசியெண்டால் அவன் பக்கத்தில இருந்தவளைப் பாக்கிறான். நானும் பாக்கிறன், அவளை வாசியெண்டு சொல்லுறன். என்ர வாயே பழகிப் போச்சு. அங்க ஒவ்வொண்டையும் தனியப் பாக்க ஆரும் இருப்பினம். இருப்பினம்தானே?"

"இருப்பினம் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீர்."

"அந்தப் பள்ளிக்கூடம் எங்கட பட்டியலில இல்லை ரீச்சர். நான் அங்க போகேல்லை."

அவர் சிரித்தாரா, காற்றா தெரியவில்லை. "சரி, போடும்," என்றார். இணைப்பு அறுந்தது.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெட்டிக்குள் முப்பத்தொன்று என்று அடித்தேன். விதிப்படி சரி. ரீச்சரும் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும், சேமி என்ற பொத்தானை அழுத்திவிட்டு, சேமித்ததா என்று மூன்று தரம் திறந்து பார்த்தேன். சேமித்திருக்காவிட்டால் நல்லது என்று நினைத்தேனோ என்னவோ.

அடுத்த தவணை வகுப்பை எடுத்துவிட்டார்கள். ரீச்சர் தமையனின் வயலைப் பார்க்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் வேறு ஊர்களுக்குப் போய் வேறு அலுமாரிகளை எண்ணினேன். எங்கே போனாலும் முதலில் வாங்குகளைத்தான் பார்த்தேன். மூன்று பேர் சேர்ந்திருந்தால் சந்தேகமாக இருந்தது, தள்ளித் தள்ளி இருந்தாலும் ஏதோ குறைவது போல இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், பாப்பாமோட்டைக்குப் போய்த் திரும்பும் வழியில், பிரதான வீதிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றேன். பெரிய பள்ளிக்கூடம் விட்ட நேரம். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து, "கழுதை மிஸ்!" என்று ஒரு சத்தம். கணக்குப் பெடியன். கூடவே முன் வாங்குப் பெட்டையும் எழுத்துக்காரனும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்பிடி இருக்கிறீங்கள்? எங்க இருத்தியிருக்கினம்?"

"நான் முன்னுக்கு," என்றாள் பெட்டை. "இப்ப எழுதுறன் மிஸ். பாக்கப் போறீங்களோ?" கொப்பியைத் திறந்து காட்டினாள். கோணலான எழுத்து, ஆனால் வாசிக்கக்கூடிய எழுத்து. ஒரு பக்கம் முழுவதும்.

"நீ?" என்று கணக்குப் பெடியனைக் கேட்டேன்.

"கடைசி வாங்கு."

"வாசிக்கிறியோ?"

"என்னை வாசிக்கச் சொல்லுறேல்லை. நாப்பது பேர் மிஸ்."

"கணக்கு?"

"புது ரீச்சரே கரும்பலகையில செய்து போடுவா. நாங்கள் பாத்து எழுதிறது." தோளைக் குலுக்கினான். பிறகு, "மிஸ், எங்களுக்கு எத்தினை மார்க்?" என்று கேட்டான்.

அந்தப் பிள்ளைகளுக்கு மார்க்கை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கந்தோருக்குச் சொன்னோம், திணைக்களத்துக்குச் சொன்னோம். எழுதியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தலில் எங்கும் இல்லை.

"எழுபத்து நாலு," என்றேன்.

"அது சேர்ந்து எழுதினதுக்கோ, தனிய எழுதினதுக்கோ?" பெட்டை விடவில்லை.

"சேர்ந்து."

"தனிய?"

வேறு எண் ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்தேன். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முப்பத்தொண்டு."

யாரும் முகம் சுளிக்கவில்லை. கணக்குப் பெடியன் மேலே பார்த்தான், கண்ணை ஒருதரம் மூடித் திறந்தான். "அப்ப மூண்டு பேருக்கும் தொண்ணூற்று மூண்டு," என்றான். "எழுபத்து நாலைவிடக் கூடத்தானே வந்திருக்கு மிஸ். பிறகேன் எங்கட வகுப்பை எடுத்தவை?"

அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. மூன்று மூன்றாக ஏறினார்களா என்று பார்க்க நினைத்தேன். முண்டியடித்து ஏறியதில் ஒன்றும் தெரியவில்லை. நான் என் கையிலிருந்த படிவத்தின் ஓரத்தில் முப்பத்தொன்றை மூன்றால் பெருக்கிப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்றுதான். பெருக்கல் சரி. அதில் எந்த இடத்தில் பிழை என்று அவனுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு வசனம் கிடைக்கவில்லை; மன்னார் பஸ் வந்து, பையை எடுத்துக்கொண்டு ஏறி, இருக்கை பிடித்து இருந்த பிறகும் கிடைக்கவில்லை.